கோப்பைக் கணக்கு

எழுபதுகளின் நடுவில் அரசாங்கக் கணக்கெடுப்பு ஒன்றுக்காக நான் வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திரிந்தேன். கையில் இரண்டு சாமான்: எண்களை நிரப்ப ஒரு படிவம், சனங்கள் சொல்லும் கதையை எழுத ஒரு கொப்பி. மூதூரில் லாஞ்சியால் இறங்கி, கட்டைபறிச்சானையும் தாண்டி ஒரு மீன்பிடிக் குடியிருப்புக்குப் போனேன். அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பிள்ளைகள் தொகை போதும் என்று எங்கள் அறிக்கை காட்டினால் இரண்டாவது வாத்தியார் வருவார்.

இதை விளக்கிவிட்டுத்தான் முதல் வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"பிள்ளையள் எத்தனை?"

"ஒண்டு."

அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்று என்னை முறைத்தார்கள்.

"அப்ப இவையள் ஆர் அக்கா?"

"பெத்த வாயால பிள்ளையளை எண்ண ஏலாது தம்பி. நாவூறு பட்டிடும்."

கொப்பியை விரித்ததும் மடை திறந்துவிட்டது. மூத்தவன் பனையால் விழுந்தது, நடுவிலாள் மண் தின்பது, கடைக்குட்டி கோழியோடு படுப்பது. எல்லா வீட்டிலும் இதே பல்லவிதான். படிவத்தின்படி வீட்டுக்கு ஒரு பிள்ளை, கொப்பியின்படி ஒரு பட்டாளம். பிள்ளைகளின் கட்டத்தில் வாயால் சொன்ன எண்ணை மட்டும் எழுது என்பது மேலிடத்துக் கட்டளை. எனக்கு விசர் பிடித்தது.

படிவத்தில் வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு கட்டம் இருந்தது. முதல் வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

"அக்கா, பிள்ளையளுக்கு எத்தனை கோப்பையில சோறு போடுறனீங்கள்?"

அக்கா சிரித்தார். "அப்பிடிக் கேளுங்கோவன்! எட்டு."

கோப்பைக்கு நாவூறு இல்லையாம். ஊர் முழுக்கப் பிள்ளைகளின் சோற்றுத் தட்டுகளை, அதாவது கோப்பைகளை, எண்ணி அந்தச் சாமான் கட்டத்தில் எழுதினேன். 'கோப்பை என்றால் பிள்ளை' என்று கொப்பியில் கொட்டை எழுத்தில் எழுதினேன். என்னை விஞ்சின கெட்டிக்காரன் திருக்கோணமலையிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

படிவம் ஒரு அதிகாரியிடம் போனது, கொப்பி இன்னொருவரிடம் போனது. துறைமுகத்தைப் பார்த்த கட்டடத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. ஆனால் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதையை எண்ண ஏலாது என்பார் ஒருவர், எண் கதைக்காது என்பார் மற்றவர்.

அறிக்கை வந்தது. பிள்ளைகள் குறைவு, கோப்பைகள் ஏராளம், ஆகவே வசதியான ஊர். இரண்டாவது வாத்தியார் தேவையில்லை.

அதை அந்த அக்காவுக்கு நானே போய் வாசித்துக் காட்டினேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு அப்பவே மனசுக்க நெருடினது தம்பி," என்றார். "கோப்பையளையும் எண்ணியிருக்கக் கூடாது."