ஊற்றடிக் கிடாய்

ஜூலைக் கடைசியில் ஜேசுரட்ணத்தால் வீட்டில் இருக்க முடியாது. டோர்ட்மண்டில், மூன்றாம் மாடியில், பல்கனிக் கதவைத் திறந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்ப்பார். மூடுவார். மறுபடி திறப்பார். கார்களுக்கு மேலே வீசும் காற்றை வைத்து, ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு அப்பால் ஸவர்லான்ட் காட்டில் மான் எங்கே படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"இஞ்சேருங்கோ, ஒண்டில் உள்ளுக்கு நில்லுங்கோ, இல்லாட்டி வெளியில நில்லுங்கோ," என்றார் மனைவி புஷ்பமலர். "கதவு கழண்டு விழப்போகுது."

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவருக்கு முதல் வேலை ஸவர்லான்டில் ஒரு விடுதியின் சமையலறையில் கிடைத்தது. விடுதிக்காரர் பென்ஜமின் பக்கத்துக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சுட்டு வரும் மான்களை உரித்து வெட்டுவது ஜேசுரட்ணத்தின் பொறுப்பானது. குண்டு எங்கே நுழைந்தது, எலும்பு எப்படி உடைந்தது, தேய்ந்த பல்லுக்கு என்ன வயது என்று உரிக்கும்போதே பார்த்துப் பார்த்துப் படித்தார். பிறகு வேட்டைப் பரீட்சை எழுதினார். சட்டப் பாடத்தில் ஒருமுறை விழுந்து, மறுமுறை தேறினார். இப்போது வாரநாட்களில் டோர்ட்மண்டில் ஒரு பண்டகசாலையில் வேலை. சனி ஞாயிறு பென்ஜமினிடம் காசு கட்டி வரும் விருந்தாளிகளை வேட்டைக்குக் கூட்டிப்போகிறார்.

கூட்டிப்போவதென்றால் வழி காட்டுவது மட்டுமல்ல. மரப்பரணில் விருந்தாளிக்குப் பக்கத்தில் இருந்து, வெளியே வரும் மானின் வயதைக் கணித்து, சுடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். வாசனை பூசிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பரணில் குறட்டை விடுகிறவர்கள் உண்டு. மான் வந்து நிற்கும்போது கைபேசிக்குள் இருப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் பொறுக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஆளின் மூச்சு சட்டென்று நின்றுபோகும் ஒரு கணம் இருக்கிறது. அந்த ஆளும் கண்டுவிட்டான் என்று அப்போது தெரியும். அதற்காகத்தான் அவர் திரும்பத் திரும்பப் போகிறார். ஆனால் சுடுவது எப்போதும் மற்றவர். காட்டில் வருடத்துக்கு இத்தனை மான்தான் சுடலாம், அவ்வளவும் விருந்தாளிகளுக்கே போய்விடும்.

இந்த வருடம் அப்படியில்லை. "ஊற்றடியில் நிற்கும் அந்தக் கிழட்டுக் கிடாய் உனக்கு," என்று வசந்தத்திலேயே பென்ஜமின் சொல்லிவிட்டார். ரே என்று இங்கே சொல்லும் சிறிய இன மான் அது, ஆட்டளவுதான் இருக்கும். முகம் நரைத்தது. வலக்கொம்பு பாதியில் மொட்டையாய் நிற்கும். மே மாதத்திலிருந்து அதன் போக்குவரத்தை ஜேசுரட்ணம் மனதில் எழுதி வைத்திருந்தார். இணைசேரும் காலம் முடிவதற்குள் விருந்தாளி இல்லாத ஒரு மாலை கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை.

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை வந்தவர் தியாகு. ஸ்டுட்கார்ட்டில் பொறியியலாளர், சேலத்துக்காரர், புதிதாக வேட்டை உரிமம் எடுத்தவர். ஜேசுரட்ணத்துக்கு முதல் தமிழ் விருந்தாளி. சனி மாலையும் ஞாயிறு விடிகாலையும் ஒன்றும் காணவில்லை.

"அண்ணே, இந்த ஃபாரஸ்ட்ல மான் இருக்கா, இல்ல வெப்சைட்ல மட்டும்தானா?"

"இருக்கு தம்பி. நீங்கள் இப்பிடிக் கதைச்சால் அதுகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்."

ஞாயிறு மாலை, ஊற்றுக்கு எதிர்த் திசையில், குன்றுக்கு அப்பாலுள்ள பரணை ஜேசுரட்ணம் தேர்ந்தெடுத்தார். தன் கிடாயை விருந்தாளியின் கண்ணில் காட்ட அவருக்கு விருப்பமில்லை.

ஜெர்மன்காரர் என்றால் பரணில் பேச்சே கிடையாது. ஜேசுரட்ணம் தோளில் கை வைத்தால் சுடலாம், வைக்காவிட்டால் கூடாது. அதை ஏணியடியிலேயே சொல்லிவிடுவார். அன்று சொல்லவில்லை. காட்டுக்குள் தமிழ் கதைக்கும் ருசியில் மறந்துபோனார். மேலே ஏறியும் இருவரும் குசுகுசுத்துக்கொண்டே இருந்தார்கள். காட்டுப்பன்றிக்கு மிளகு தூக்கலாய் இருக்க வேண்டுமா, தேங்காய்ப்பால் விடலாமா என்பதுதான் பேச்சு.

ஆனாலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று மாறிக்கொண்டிருந்தது. குன்றுக்கு அப்பால் அது இப்போது எங்கே நிற்கும்? பெண்மான் கூப்பிடுவதுபோலக் குழலை எடுத்து இரண்டுமுறை ஊதினார். ஏதாவது இளங்கிடாய் வந்து தியாகுவின் கணக்கு முடியட்டும் என்று நினைத்தார்.

புல்வெளிக்குள் ஒரு பெண்மான் பாய்ந்து வந்தது. அதன் பின்னால், மூக்கை நீட்டிக்கொண்டு, மொட்டைக் கொம்புடன் ஊற்றடிக் கிடாய். குன்றைத் தாண்டி வந்திருந்தது.

தியாகுவின் மூச்சு நின்றது. "அண்ணே, வயசானதுதானே?"

ஜேசுரட்ணத்தின் கண் பைனாகுலரில் இருந்தது. நரைத்த முகத்தை இவ்வளவு கிட்ட அவர் கண்டதில்லை.

"ஓம்," என்றார். "நல்ல வயசு."

வெடி கேட்டது.

கிடாய் முதுகை வளைத்துத் துள்ளிப் பற்றைக்குள் பாய்ந்தது.

"விழுந்துச்சா? மிஸ்ஸா? வாங்கண்ணே, போய்ப் பாக்கலாம்."

"இருங்கோ. இப்ப போகேலாது."

சிறிது பொறுத்து இறங்கிப் புல்லில் குனிந்து பார்த்தார். கறுத்த இரத்தம், ஈரலில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் எழுந்து தூரம் ஓடிவிடும், படுக்க விட்டுத்தான் தேட வேண்டும். காரின் பக்கத்தில் காத்திருந்தார்கள். தியாகு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜேசுரட்ணம் கார்க்கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என் மேல கோவமாண்ணே?"

"இல்லை."

"நீங்க ஓகே சொன்னீங்கன்னு..."

"ஓம், நான்தான் சொன்னனான். நடக்காமல் நில்லுங்கோ, எனக்குத் தலை சுத்துது."

பிறகு காரிலிருந்த தன் குட்டைக்கால் நாயை நீண்ட வாரில் கட்டி இறக்கினார். அது மூக்கை நிலத்தில் வைத்து முள்ளுப்பற்றைக்குள் இழுத்துப்போனது. கிடாய் படுத்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. நாயைக் கொண்டுபோகிறவர்தான் முடித்துவைக்க வேண்டும். ஜேசுரட்ணம் சுட்டார். அந்த வருடம் அவர் சுட்ட ஒரே குண்டு அது. ஆனால் கிடாய் முதல் குண்டுக்காரருக்குத்தான் சொந்தம். அதுதான் இங்குள்ள முறை.

கருவாலிக் கொப்பு ஒன்றை முறித்து, ஒரு துண்டை மானின் வாயில் கடைசித் தீனியாக வைத்தார். மற்றதை இரத்தத்தில் தொட்டு, தொப்பிமேல் வைத்து நீட்டி, "வைட்மன்ஸ்ஹைல்" என்று வேட்டைக்காரர் முறைப்படி வாழ்த்தினார். தியாகு அதில் பாதியை முறித்து அவரிடமே தந்தார். வகுப்பில் படித்திருக்கிறார். நாய் தேடிப் பிடித்தால் நாய்க்காரருக்குப் பங்கு உண்டு. ஜேசுரட்ணம் அதை நாயின் கழுத்துப்பட்டியில் செருகினார்.

"செம அண்ணே. நீங்க இந்த வருஷம் எத்தனை சுட்டீங்க?"

"இன்னும் இல்லை. காலைப் பிடியுங்கோ, தூக்குவம்."

தியாகு போனபின் பென்ஜமினைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஊற்றடியிலிருந்ததா?" என்றார் பென்ஜமின். "நீ அனுமதி கொடுத்தாயா, அவனாகச் சுட்டானா? அவனாகச் சுட்டிருந்தால் இனி அவன் இங்கே வரத் தேவையில்லை. இலையுதிர்காலத்தில் உனக்கு வேறு ஒன்று பார்க்கிறேன்."

ஜேசுரட்ணம் நாயின் காதைச் சொறிந்தார். "அவர் கேட்டார். நான் ஓம் என்றேன்."

"அப்படியென்றால் இந்த வருடக் கணக்கு முடிந்தது. அடுத்த வருடம் பார்ப்போம்."

வீட்டில் புஷ்பமலர், பங்காகக் கிடைத்த மானின் இதயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "உங்கட கிடாய் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? அவன் சந்தோசமாப் போறான்."

"நீங்கள் இஞ்ச சாமத்திலயும் கதவைத் திறந்து மூடுங்கோ."

அடுத்த கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து இன்னொருவர் அழைத்தார். பெயர் ராகவ், தியாகுவின் நண்பர். தமிழில் ஒரு கைடு இருப்பதே பெரிய விஷயம் என்றார், இரண்டு நாள் நல்லாப் பேசலாம் என்றார்.

"வாங்கோ தம்பி," என்றார் ஜேசுரட்ணம், பல்கனிக் கதவைக் காலால் தள்ளித் திறந்தபடி. "வீட்டில சாப்பிடுவம், காரில கதைப்பம். பரணில ஏறினாப் பிறகு தமிழ் இல்லை. என்ர கை தோளில வரும். வராட்டி, கடவுள் வந்து நிண்டாலும் சுடக்கூடாது."