ஒயரம்மா பின்னிய சடை

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு ஒயரம்மா என்று பெயர். வலிப்புக்காகக் குழந்தைகளின் மூளையில் அறுவை செய்யும்போது, தலையிலும் கைகாலிலும் ஒயர் பொருத்தி, திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதுதான். சாப்பாட்டு நேரத்தில்கூடக் கோடுகளைப் பற்றியே பேசி எங்கள் உயிரை வாங்குவாள். ஆனாலும் அந்த நாற்காலியில் அவள் இருந்தால் நர்ஸான எனக்கு ஒரு தைரியம்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வலிப்பு வரும். நல்ல வாயாடி. ஒயர் ஒட்ட ஒயரம்மா வகிடெடுத்தபோது, தனக்கு யாரும் பின்னிவிட வேண்டாம், தானே பின்னிக்கொள்வேன் என்று இரட்டைச் சடையை ஆட்டிக் காட்டினாளாம். மூளையில் வெட்ட வேண்டிய இடமோ இடது கையை இயக்கும் பகுதியை ஒட்டி இருந்தது.

"கை பத்திரம். நான் பாத்துக்கறேன்" என்று ஒயரம்மா அவளிடம் சொல்லிவிட்டாள். யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கிறவள் அல்ல.

அறுவையின்போது மூளைக்குச் சிறு மின்சாரம் கொடுத்து, கையில் அதற்குப் பதில் வருகிறதா என்று அடிக்கடி பார்ப்பாள். மூன்றாவது மணி நேரத்தில் இடது கையின் கோடு படுத்துவிட்டது. உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. ஆனால் பத்தில் ஒன்பது முறை ஒயர்தான் கழன்றிருக்கும். வீணாகச் சொல்லி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. துணிக்கு அடியில் குனிந்து தடவிப் பார்த்தாள். ஒயரை மாற்றினாள். ஒயரில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்து டாக்டரை நிறுத்தச் சொன்னபோது நான்கு நிமிடம் போயிருந்தது.

இடது கைக்கு அசைவு திரும்பவில்லை. முன்பே சொல்லியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அவள் காதில் அது ஏறவில்லை. நான்கு நிமிடத்தையும் அறிக்கையில் தன் கைப்பட எழுதினாள். குழந்தையின் அம்மாவிடமும் தானே போய்ச் சொன்னாள். அந்த அம்மா எழுந்து போய்விட்டாள். அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் ஒயரம்மா வாய் திறப்பதில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

எட்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். வலிப்பு ஒருமுறைகூட வரவில்லையாம். அறுவைக்காக ஒரு பக்கம் வெட்டிய முடியும் பின்னும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பரிசோதனை முடிந்து ஒயர்களை எடுத்து, தலையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்த பிறகு, ஒயரம்மா சீப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். சீப்பை வாங்க அம்மா எழுந்து வந்தாள்.

பெண் வலது கையால் தடுத்தாள். "நீங்களே பின்னுங்க அக்கா. ஒரு பிரியை நான் பிடிச்சுக்கறேன்."

ஒயரம்மா பின்னினாள். இரண்டு முறை அவிழ்ந்துபோனது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் தன் கையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி நீட்டினாள். ஒயரம்மா அதை வாங்கிக்கொண்டு, சடையைக் கட்டாமலே அழுதாள்.