மறியலைத் தாண்டி வந்த பழைய கம்ப்யூட்டர்

கொரோனாவால் ஆபீஸை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் இடஒதுக்கீட்டுப் போராட்டமும் சூடு பிடித்திருந்தது. எந்த நாள் எந்த ரோட்டில் பஸ் நிற்கும் என்று கண்டக்டருக்கே தெரியாது. நான் அத்தாவின் ஜவுளிக்கடை மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் நடிக்கவைக்கும் மென்பொருள். அதிலிருக்கும் டிஸ்க்கூட நிஜமல்ல, நாங்கள் எழுதியதுதான். அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது பொய் டிஸ்க்கும் ரீசெட் ஆக வேண்டும். அங்கேதான் வில்லங்கம். ஒரே ஒரு வாடிக்கையாளரிடம், எப்போதாவது, ரீஸ்டார்ட் ஆன கையோடு எல்லாம் உறைந்துபோய் நின்றது. எங்கள் யாரிடமும் அது வரவே இல்லை.

ரீசெட் ஆனதும் இரண்டு வினாடி காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடலாம் என்றார் எங்கள் டீம் லீட். நாங்களெல்லாம் தலையாட்டினோம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குக் கல்வராயன் மலையில் ஊர். இரண்டு வினாடி காத்தும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கோளாறு வந்துவிட்டதாம். அண்ணன் ஜெராக்ஸ் கடை வைக்க வாங்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் அது.

“அந்த டப்பாவோட டிஸ்க்கே ரிப்பேரா இருக்கும். நான் அதுல லாகின் பண்ணிப் பாக்கணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள காட்டுங்க, இல்லேன்னா என்னோட ரெண்டு செகண்டு வரிதான் கஸ்டமருக்குப் போகும்” என்றார் லீட். என்னிடம் தனியாக, “வேலை பர்மனென்ட் ஆகாதவங்க இவ்ளோ அடம் பிடிக்கலாமா? இந்த வாரக் கடைசியிலதான் அவங்க வேலையப் பத்தி முடிவு எடுக்கணும்” என்றும் சொன்னார். அதை அப்படியே அவளிடம் சொல்லி எச்சரித்தேன்.

அவள் ஊரில் ஒரு வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்த்தான் வேலை பார்ப்பாள். பழைய கம்ப்யூட்டருக்கு அந்த வளைவில் பிளக் பாயின்ட் ஏது? அதைப் பஸ்ஸில் எங்கள் கடை மாடிக்கே கொண்டுவருவதாக முடிவு.

மறுநாள் மதியம் போன். “மறியல்ணா. பஸ்ஸு இதுக்கு மேல போவாதாம். நடந்துகினே வரேன்.”

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோடு முழுக்க ஜனம். இந்தப் பக்கம் போலீஸ் தடுத்துவிட்டது. எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று கூட்டத்துக்குள் ஒரு குரல்: “வழி வுடுங்கப்பா, கம்ப்யூட்டரு போவுது!”

போர்வையில் சுற்றிய பெட்டியைத் தோளில் வைத்தபடி நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்து அவள். மறியலில் உட்கார்ந்திருந்தவர்தான் அவர். பெட்டியை என் கையில் கொடுத்தார்.

“ஆட்டாம எட்த்துனு போங்க. நாலு மணிக்குள்ள காட்டலன்னா பாப்பா வேலைக்கே ஆபத்தாமே? நாங்களும் புள்ளைங்க வேலைக்கோசரந்தான் ரோட்ல குந்திகினு கீறோம்.”

நன்றி சொல்வதற்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம், பைக் பள்ளத்தில் இறங்கும்போது, “மெதுவாணா, டிஸ்க்கு, டிஸ்க்கு!” என்று கத்திக்கொண்டே வந்தாள் இவள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடை மாடியில் ஸ்விட்சைப் போட்டோம். நல்லவேளை, உயிர் வந்தது. லீட் சென்னையிலிருந்து உள்ளே நுழைந்து, தன்னுடைய இரண்டு வினாடி வரியைச் சேர்த்து, அதிலிருந்த பொய்க் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார். ஓடியது. மறுபடி செய்தார். ஓடியது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

“சும்மா இருக்கும்போது வராது சார். ஒரு பெரிய ஃபைல் காப்பி ஆவும்போது பண்ணிப் பாருங்க.”

செய்தார். அப்படியே உறைந்து நின்றது.

“இது பழைய டிஸ்க்கு, மெதுவாத்தான் படிக்கும் சார்” என்றாள். “ரீசெட் ஆனதும், யார எதுக்கு அனுப்னோம்னு எழுதி வச்ச சிலேட்ட நாம அழிச்சிட்றோம். ஆனா சரக்கு வாங்கியாரப் போனவன் இன்னும் வழியில கீறான். அவன் வந்து பழைய எடத்துலயே கொட்டிட்றான். அங்க இப்ப வேற சரக்கு இருக்குதே! ரெண்டு செகண்டுல வருவானா, இருபது செகண்டுல வருவானான்னு நமக்கு இன்னா தெரியும்? போனவங்க எல்லாம் திரும்பி வந்தப்புறம்தான் சிலேட்ட அழிக்கணும்.”

அப்படியே எழுதியும் வைத்திருந்தாள். லீட் அதைப் போட்டு, காப்பி ஓட ஓட, சலிக்கும்வரை ரீஸ்டார்ட் செய்து பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை.  பிறகு, “என்னுத எடுத்துட்றேன். உங்களுது போகட்டும்” என்றார். மனுஷர் பெரிய மனுஷர்தான்.

அந்த வாரமே அவள் வேலை நிரந்தரமானது. எங்களோடு சேர்ந்து தலையாட்டியிருந்தாலும் ஆகியிருக்கும், அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். எங்கள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கக்கூடிய ஒரு தப்புக்காக, கையிலிருந்த வேலையைப் பணயம் வைத்து மலையிறங்கி வந்தாள். “எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது” என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.