இரண்டு தரம் சொல்லும் பெயர்

அந்த உளவாளிப் படத் தொடரில் ஐந்தாவதாக வந்த நடிகருடைய காலம் 1995இல் தொடங்கி 2002இல் முடிந்தது. நான்கே படங்கள். ஆனால் ஊர்காவற்றுறைக்கு அவை வந்த ஒழுங்கு வேறு. சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகுதான் முதற்படத்தைப் பார்த்தோம். மூன்றாவது படத்தின் கசெற் இரண்டாவதற்கு முன்பே வந்துவிட்டது.

டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து வருபவர் அக்காவின் கணவர். கடற்றொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை விழும் நாட்களில் முற்றத்தில் படம் ஓடும். எனக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், அத்தானுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவர்தான் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பார்.

“‘நீர் ஆர், எங்க போறீர்?’ எண்டு அவன் கேக்கிறான். ‘சரவணைக்கு, மாமி வீட்டை’ எண்டு இவர் சொல்லுறார்.”

அந்த உளவாளி தன் பெயரை இரண்டு தரம் சொல்வார். முதலில் குடும்பப் பெயர், பிறகு முழுப்பெயர் என்று விளக்கப் போனேன்.

“நீர் சும்மா இரும் தம்பி. சென்றியில ஆமியிட்ட மறிபட்டுப் பழகின மனுசன். ஒருக்காச் சொன்னா அவங்களுக்கு விளங்காது.”

முற்றமே சிரித்தது. அதன் பிறகு அத்தானும் படலையில் நின்று தன் பெயரை இரண்டு தரம் சொல்லித்தான் வீட்டுக்குள் வருவார். குசினிக்குள் இருந்து அக்கா, “ஐசியைக் காட்டுங்கோ” என்று அடையாள அட்டை கேட்பாள்.

நான்காவது படத்தைச் சமாதான காலத்தில் பார்த்தோம். அத்தான் ஐந்தாவதற்குக் காத்திருந்தார். 2005இல், வேறு நடிகரைத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்ற பத்திரிகைச் செய்தியைக் காட்டினேன்.

“பேப்பர்க்காரற்ற கதை. அவர் வருவார், இருந்து பாரும்.”

அடுத்த வருடம் சண்டை மீண்டும் தொடங்கியது. ஒரு காலை வலைநூல் வாங்கச் சைக்கிளில் போன அத்தான் திரும்பி வரவில்லை. கேட்காத இடமில்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

2007 ஒக்ரோபர் கடைசியில், புது நடிகர் நடித்த படத்தின் டிவிடித் தட்டைப் பழக்க தோசத்தில் யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தேன். அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பழைய ஆள் செத்துப்போனாரோ?”

“இல்லை அக்கா, உயிரோடதான் இருக்கிறார்.”

“அப்ப ஏன் அவற்ற இடத்தில வேற ஆளை வைச்சவங்கள்?”

அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவன், உறையை அவளிடமிருந்து வாங்கி வைத்தேன்.

அந்தக் கிழமையே, கத்தோலிக்கரான நாங்கள் இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மரித்தோர் நாள் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்கு முன்பே கோயிலில் கொடுக்க வேண்டும். மகனின் பெயரையும் கொடுக்கும்படி அத்தானின் தாயான மாமி அக்காவிடம் நாட்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“அவன்ர ஆத்துமா இளைப்பாறட்டும் பிள்ளை. என்ர கண் மூட முன்னம் ஒரு பூசை ஒப்புக்குடு.”

ஒரு பின்னேரம் அக்கா கோயிலுக்கென்று வெளிக்கிட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பங்குச் சுவாமியாரிடம் அத்தானின் பெயரைச் சொன்னாள்.

“செத்தவைக்கில்லை சுவாமி. உயிரோட இருக்கிறவைக்கு.”

சுவாமியார் வேறொரு தாளை எடுத்தார். அதில் எழுதிக்கொண்டார்.

பூசையில் இறந்தவர்களின் பெயர்கள் நெடுநேரம் வாசிக்கப்பட்டன. தன் மகனின் பெயர் வரும் வரும் என்று மாமி முழங்காலில் நின்று காத்திருந்தார். வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, நோயாளர், தூரதேசத்தில் இருப்பவர்களோடு சேர்த்து அத்தானின் பெயரைச் சுவாமியார் ஒருமுறை சொன்னார்.

அக்கா தலையைக் குனிந்தபடி அதை மெதுவாக இன்னொரு தரம் சொன்னாள். பக்கத்தில் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.