வான்கோழிக்குள் பாண் அடைத்த லூர்து அக்கா

லூர்து அக்கா போய்விட்டார்.

நேற்று இங்கே பிரான்சில், திரான்சியில் மகள் வீட்டில், மாரடைப்பு. சற்று முன் எங்கள் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விருந்துக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன்...

புதுச்சேரிக்காரர். நகரசபையில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். லா ஷப்பலில் நாங்கள் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மண்டபம் எடுத்து வைக்கும் நத்தார் மதியச் சாப்பாட்டுக்கு வான்கோழி அவர் பொறுப்பு, பொரித்த இறைச்சி ரோல்ஸ் என் பொறுப்பு.

அவர் வரும்வரை அந்த மேசையில் என் ரோல்ஸுக்குத்தான் மவுசு.

முதல் வருடம் ஒரு பை நிறையக் காய்ந்த பகெட் ரொட்டிகளோடு வந்தார். பாலில் ஊறப்போட்டுப் பிழிந்து, வெங்காயம், கோழி ஈரல், உலர்ந்த திராட்சை, சாதிக்காய்த் தூள் எல்லாம் சேர்த்து வெண்ணெயில் பிரட்டி வான்கோழியின் வயிற்றுக்குள் அடைத்தார். அவர் அதை ‘ஃபார்ஸ்’ என்றார். ரொட்டியைப் பாண் என்னும் யாழ்ப்பாணத்தார் நாங்கள் ‘பாண் கலவை’ என்றோம்.

பழைய பாணை யார் தின்னப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

என் கணவர் மூன்று தரம் வரிசையில் நின்றார். “ஜெயா, நீரும் இதைக் கேட்டுப் பழகுமன்,” என்றார், வாயில் பாணோடு. அவருடைய தட்டில் என் ரோல்ஸ் ஒன்று கடிபடாமல் கிடந்தது.

அன்றைக்குத் தொடங்கிய பொறாமை. வேறு நல்ல சொல் தேட விருப்பமில்லை.

போன நத்தாருக்கு, சமைப்பவர்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. எல்லாருக்கும் அடித்தேன். அக்காவுக்கு மட்டும் அடிக்கவில்லை. வான்கோழியை நானே வாங்கிவந்தேன். மிளகாய்த்தூள் பூசி வாட்டுவதாகத் திட்டம்.

காலை எட்டு மணிக்கே மண்டபத்துக் குசினி வாசலில் அக்கா நின்றார். வெறுங்கை.

“என்னை யாரும் கூப்பிடல. சரி, பாத்திரமாவது கழுவலாம்னு வந்தேன்... என்ன ஜெயா, வான்கோழி வெறும் வயித்தோட கெடக்குது?”

“ஃபோன் அடிச்சனான் அக்கா... நீங்கள் எடுக்கேல்லை.”

பச்சைப் பொய். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவர் கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா, நாந்தான் எடுக்கல,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கோட்டைக் கழற்றி மாட்டினார். மேசைக்கு வாங்கியிருந்த பகெட்டுகளில் பாதியை வெட்டி ஓவனில் காயவைத்தார். பால் ஊற்றி ஊறவிட்டு என்னைக் கூப்பிட்டார். “வா, நீ பிழி. என் விரல் இப்பல்லாம் மடங்கவே மாட்டேங்குது.”

பிழிந்தேன். இத்தனை வருட ஆத்திரத்தையும் சேர்த்துப் பிழிந்தேன்.

“மெதுவா ஜெயா... கஞ்சி ஆக்கிடாத.”

மதியம் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் என் கையைப் பிடித்து உயர்த்தி, “இந்த வருஷம் ஜெயா கை!” என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்... எனக்கு அதையும் பொறுக்க முடியவில்லை. சமையலில் தோற்றது போதாதென்று குணத்திலுமா?

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பாஸ்காத் திருநாளுக்குப் பார்க்கலாம், கோடை விடுமுறை முடியட்டும்... கேட்கவேயில்லை.

செய்தியைப் பார்த்ததும் அவர் மகளுக்கு ஃபோன் பண்ணினேன். பிரான்சில் பிறந்த பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஜெயா என்றதும் அவளுக்கு யாரென்று விளங்கவில்லை. லா ஷப்பல், நத்தார் சாப்பாடு என்றெல்லாம் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

“ஆ... நீங்களா! அம்மா உங்க பேர் சொல்ல மாட்டாங்க. ‘மா ஜலூஸ்’னுதான் சொல்வாங்க.”

என் பொறாமைக்காரி.

“கோவத்திலயோ பிள்ளை?”

“நோ, நோ... சிரிச்சிகிட்டே.”

பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

திங்கட்கிழமை அடக்கப் பூசை. கோவில் கொள்ளாத சனம் வரும். என்னுடையதற்கு அதில் பாதிப் பேராவது வருவார்களோ தெரியாது.

அதிலும் எனக்குப் பொறாமைதான், அக்கா. போயிட்டு வாங்கோ...