பதின்மூன்று கிலோ கொழுந்து

போன வருடம் அடைமழைக் காலத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடந்தது இது.

நான் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பிள்ளைகள் டெப் என்கிற கைக்கணினியில் படிப்பதற்குக் கணிதப் பாடங்கள் தயாரிப்பது என் வேலை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆய்வுகளையெல்லாம் வரி விடாமல் வாசிப்பேன்; அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தெரிந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு, பிழையை உடனே காட்டு, சரியாகும்வரை திரும்பக் கேள் என்று படித்ததையெல்லாம் ஒரே பாடத்தில் கொட்டியிருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள்தானே என்று தேயிலைக் கணக்காகவே எழுதினேன்.

'அம்மா காலையில் ஒன்பது கிலோ கொழுந்து பறித்தார். பகலில் எட்டு கிலோ பறித்தார். மொத்தம் எத்தனை கிலோ?'

பிள்ளைகள் அந்தப் பாடத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க அன்று நானே வகுப்புக்குப் போயிருந்தேன். நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி பதின்மூன்று என்று போட்டாள். பிழை என்று திரையில் சிவப்புப் புள்ளடி விழுந்தது. மறுபடியும் பதின்மூன்று. மூன்றாவது முறையும் அதே. உடனே டெப் அவளை இரண்டாம் ஆண்டுக் கணக்குக்கு இறக்கிவிட்டது. அதுவும் நான் செய்துவைத்த ஏற்பாடுதான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் டெப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குக் கணக்கு வராது டீச்சர். நா இனிமே இதத் தொட மாட்டேன்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பதின்மூன்று எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ஒவ்வொருவாட்டி நிறுக்கிறப்பவும் சாக்குக்கும் கொழுந்துல இருக்கிற தண்ணிக்கும்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்கதானே டீச்சர்? அப்ப ஏழும் ஆறும் பதிமூணு."

விரல்விட்டுக்கூட எண்ணவில்லை அவள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாளாவது நின்று பார்க்காமல் கொழுந்துக் கணக்கு எழுதியவள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

"ஒன் கணக்கு சரிதாம்மா. டீச்சர்தான் கேள்வியப் பிழையா கேட்டுட்டேன்" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். கழிக்கும் முன்னால் அம்மா பறித்தது எவ்வளவு என்றுதான் கேட்க நினைத்தேன் என்றும் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப அம்மா பறிச்சது பதினேழா டீச்சர்?" முகமெல்லாம் சிரிப்பு. "அம்மாகிட்ட சொல்லணும்."

இப்போது என் பாடங்களில் புள்ளடிக்கு முன்னால் 'எப்படிச் செய்தாய்?' என்றொரு கேள்வி வரும்; பிள்ளைகள் பேசிப் பதியலாம். அந்தக் குரல்களைக் கேட்க உட்காரும்போதெல்லாம், அம்மாவுக்கு நான்கு கிலோவைத் திருப்பிக் கொண்டுபோன அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நினைவு வருகிறது.