கொஞ்சம் சார்

எங்கள் அலுவலகத்தில் அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'கொஞ்சம் சார்'. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. அதில் யார் எந்த மாற்றம் கேட்டாலும், "இன்னிக்குக் கொஞ்சம் விடுவோம், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்பார். அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

பழக்கம் சும்மா வந்ததல்ல. முன்பெல்லாம் பல மாத வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே நாளில் வெளியிடுவோம். ஒருமுறை அது ஒரே இருக்கையைப் பல பேருக்கு விற்றுத் தள்ளியது. பஸ் நிலையங்களில் கைகலப்பு. எந்த மாற்றத்தால் வந்த வினை என்று தேடினால், மூட்டைக்குள் நூற்றுக்கணக்கில் மாற்றங்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் இவரைக் கிழிகிழி என்று கிழித்தார். அதற்குப் பிறகு, ஒரு பொத்தானை மாற்றினால் அதை மட்டும் காலையில் வெளியிடுவார். மதியம் வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். யாரும் திட்டவில்லை என்றால் அடுத்த துணுக்கு. ஏதாவது கெட்டால் அந்தத் துணுக்கை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வார். நாங்கள் கேலி பேசினோம். ஆனால் அவர் புண்ணியத்தில்தான் நிம்மதியாகத் தூங்கினோம், அதையும் சொல்ல வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தார். அவர் கட்டில் வாங்கினால்கூட முதல் வாரம் கால்கள் மட்டும் வரும் என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சிரித்திருக்கிறோம். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. "பொறக்கும்போது மட்டுந்தான் இவன் முழுசா ஒரே தடவையில வந்தான்" என்றார்.

வெளியூரில் வேலை பார்த்த அவருடைய தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். இவர் ரயிலேறிப் போன முதல் நாளே டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கோ இதய நோய். சேதியைப் போட்டு உடைத்தால் அவரும் சேர்ந்து போய்விடுவார் என்று இவர் நடுங்கினார். பயந்துபோன மனிதன் தனக்குக் கைவந்ததைத்தானே செய்வான்? முதலில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னார். அம்மா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பார்த்தார். மறுநாள் மஞ்சள் காமாலை என்றார். பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அந்த வார்டில் போன் பேச விடுவதில்லை என்றார். அடிக்கடி சாயங்கால ரயிலில் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை திரும்பிவிடுவார். பாதி சேதி அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வீட்டுக்குப் போனில் போகும். வைத்துவிட்டு என்னிடம், "தாங்கிட்டாங்க. நாளைக்கு அடுத்ததச் சொல்லலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன டிக்கெட் விவகாரமா? அம்மாவக் கூட்டிட்டுப் போங்க சார்."

"போகலாம். அவங்க இன்னும் கொஞ்சம் தயாராகட்டும்."

"அதுவரைக்கும் தம்பி தாங்கணுமே?"

அன்று சாயங்காலமும் தனியாகத்தான் ரயிலேறினார்.

ஒவ்வொரு சேதியும் சின்னதாக வந்ததால் அம்மாவுக்கு அவசரம் என்ற எண்ணமே வரவில்லை. மகன் குணமாகி வந்தால் படுக்கட்டும் என்று முன்னறையை ஒழித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருந்தார். அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

கடைசியில் ஒரு காலை, தம்பியைப் பார்த்துவிட்டு ரயிலிறங்கி வந்ததும், "நெலம மோசமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். தைத்ததை அப்படியே போட்டுவிட்டு அம்மா எழுந்தார். என் காரில் கிளம்பினோம். பாதி வழியில், முன்னிருக்கையில் இருந்த சாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்னிருக்கையில் இருந்த அம்மாவுக்கு அந்த முதுகே போதுமாக இருந்தது.

"போயிட்டானா?"

அவர் தலையசைத்தார். நான் காரை ஓரங்கட்டினேன். அம்மா அழவில்லை. "டாக்டர் உங்கிட்ட எப்பச் சொன்னாரு?" என்று கேட்டார்.

"மொத நாளே."

"அவன் என்னக் கேட்டானா?"

இவர் வாயைத் திறந்து, மூடினார்.

"முழுசாச் சொல்லுடா."

"கேட்டாம்மா. போறப்பல்லாம் கேட்டான். மொதல்ல, நீங்க கிளம்பப் போறீங்கன்னு சொன்னேன். அப்புறம் கிளம்பிட்டீங்கன்னு சொன்னேன். நேத்து, வாசலுக்கு வந்துட்டீங்கன்னு சொன்னேன். நான் அங்கேருந்து கிளம்புற வரைக்கும் அவன் கதவையே பாத்துட்டு இருந்தாம்மா."